உலகப் படங்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இருந்துகொண்டு, கான், பெர்லின், ராட்டர்டாம் ஆகிய திரைப்பட விழாக்களில் பேசப்படும் படங்களையும் குறைந்த செலவில் சுயாதீனமாக எடுக்கப்படும் படங்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட படங்கள் நம் பக்கத்துத் திரையரங்குகளுக்கு வருவது அரிது. ஆனாலும் நம் இளைஞர்களைத் தடுத்து நிறுத்துவது அதுவன்று என்பதே என் எண்ணம். "அதெல்லாம் படித்தவர்கள் பார்க்கிற படம், நமக்குப் புரியாது" என்ற பேச்சைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். அண்மை ஆண்டுகளில் உலக விழாக்களில் மதிக்கப்பட்ட படங்களில் பல, கூலி வேலையைப் பற்றியும் குடியிருந்த வீட்டை இழப்பதைப் பற்றியும் அடையாள ஆவணம் இல்லாமல் வாழ்வதைப் பற்றியும் பேசுகின்றன. தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கோ புறம்போக்குக் குடியிருப்புக்கோ பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவற்றில் எது புதிது? நாம் பழக வேண்டியது, தெரிந்த அந்தப் பொருளைப் படம் எந்த வழியில் காட்டுகிறது என்று கவனிப்பதற்கு. அது கைவந்துவிட்டால், நம் வாழ்க்கையே நம் தீர்ப்புக்குச் சான்றாக நிற்கும். கோலாலம்பூரிலோ சென்னையிலோ இருக்கும் விமர்சகருக்குக் கிடைக்காத சான்று அது.

முதலில் எந்தப் படம்

தொடக்கத்திலேயே மூன்று மணி நேர ஜப்பானியப் படத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம். தெரிந்த நிலத்திலும் தெரிந்த மொழியிலும் தொடங்கிப் படிப்படியாக வெளியே போவது நல்லது. என் வரிசையில் முதலில் நிற்பது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்'. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் ஒதுங்கிய ஒரு குடியிருப்பில், கண்டிப்பான தந்தைக்கும் குண்டர் கும்பலில் இருக்கும் சிற்றப்பனுக்கும் நடுவே வளரும் அப்போய் என்ற சிறுவனின் கதை அது. மலாய் மொழியில் அமையாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு எதிராகத் திரைத்துறையினர் பலர் குரல் எழுப்பிய 2016ஆம் ஆண்டில், மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை இந்தத் தமிழ்ப் படம் வென்றது. பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சிறுவன் கெட்டுப்போவதற்குப் படம் யாரைக் காரணமாக்குகிறது? பள்ளியையா, அடிக்கும் தந்தையையா, வேலையும் நிலமும் இல்லாமற்போன சூழலையா? வசனத்தை விட்டுவிட்டு, எந்தக் காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சி வருகிறது என்பதிலிருந்து விடையைத் தேடுங்கள்.

அதற்குப் பின், கிடைக்குமானால், தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை'. 2005இல் வந்த படம். அண்மைப் படம் என்று சொல்ல முடியாது. எனினும், 1960களின் ரப்பர் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போக விரும்பும் ஒரு பெண்ணைப் பற்றிய அந்தப் படத்தைப் பார்க்காமல், மலேசியத் தமிழ்ச் சுயாதீனப் படத்தின் பாதை புரியாது. மூன்றாவதாக, தமிழ்நாட்டிலிருந்து பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' வரட்டும். ராட்டர்டாம் விழாவில் 2021ஆம் ஆண்டு புலி விருது பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. சுமார் 75 நிமிடமே ஓடும் என்பதால், இத்தகைய படங்களுக்குப் பழகாதவரும் பொறுமையிழக்காமல் பார்த்துவிடலாம்.

தமிழைவிட்டு வெளியே போகும்போது முதலில் எதிர்ப்படுவது துணையுரைச் சிக்கல், அதாவது திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்தைப் படிக்கும் சிக்கல். வீட்டில் ஆங்கிலத் துணையுரை படிக்க முடியாத பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால், லாட்வியாவின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' என்ற 2024ஆம் ஆண்டு அசைவூட்டப் படத்தைப் போடுங்கள். வெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் படகில் போகும் கதை. தொடக்கம் முதல் இறுதிவரை எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை. 'பிளெண்டர்' என்னும் கட்டணமில்லா மென்பொருளில் ஒரு சிறிய குழு உருவாக்கிய இந்தப் படம், பெரிய நிறுவனங்களின் படங்களைத் தாண்டி 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய பாட்டியும் நான்காம் ஆண்டுப் பேரனும் எவர் உதவியும் இல்லாமல் சேர்ந்து பார்க்கக்கூடிய உலகப் படம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

படம் எத்தனை நிமிடம், எந்த நாடு, எந்த ஆண்டு, என்னென்ன மொழிகள்: இவ்வளவு தெரிந்தால் போதும். முன்னோட்டத்தையும் விமர்சனத்தையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். விமர்சகரின் சொற்கள் முன்னதாகவே காதில் விழுந்துவிட்டால், படம் முழுவதும் அவற்றுக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருப்போம்; நம் கண் வேலை செய்யாது.

முன்கூட்டியே சரிபார்க்க வேண்டிய இன்னொன்று, நம் கைக்கு வருவது முழுப் பதிப்பா என்பது. அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பருவமடையும் ஒரு மலாய்ப் பள்ளிச் சிறுமியின் உடல் மாற்றத்தைப் பேய்க்கதை வடிவில் சொல்லும் இந்த மலேசியப் படம், 2023ஆம் ஆண்டு கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. அதே ஆண்டு இங்கே திரைக்கு வந்தபோது காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. இந்தப் பதிப்பைத் தன் படமாகத் தான் ஏற்கவில்லை என்று இயக்குநரே அறிவித்தார். வெட்டப்பட்ட பதிப்பைப் பார்த்துவிட்டுப் படம் தொடர்பில்லாமல் இருக்கிறது என்று எழுதுவது இயக்குநருக்குச் செய்யும் அநீதி. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்பதை எழுதும்போது முதல் பத்தியிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும்.

கிடைக்கும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அவை மாறிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் தளங்களில் ஆங்கிலத் தலைப்பு, மூலத் தலைப்பு, இயக்குநர் பெயர் ஆகிய மூன்றாலும் தேடுங்கள். ஒன்றில் அகப்படாத படம் இன்னொன்றில் அகப்படும். ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்குள்ள திரையரங்குகளின் வார அட்டவணையை வியாழக்கிழமைதோறும் பார்க்கும் பழக்கம் வரட்டும். கோலாலம்பூருக்கு ஏதோ வேலையாகப் போகிறவர்கள், ஜப்பானியத் திரைப்பட விழா, ஐரோப்பிய ஒன்றியத் திரைப்பட விழா ஆகியவற்றின் தேதிகளோடு பயணத்தைப் பொருத்திக்கொள்ளலாம். திருட்டுப் பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் இருட்டுக் காட்சிகள் கரிப்பூசலாகவும் துணையுரைகள் பிழையாகவும் இருக்கும். சிறு முதலீட்டில் படம் எடுத்தவருக்கு ஒவ்வொரு பார்வையாளரின் பணமும் அடுத்த படத்துக்கான முதல் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

உட்கார்ந்து பார்க்கும் முறை

ஒரே அமர்வில் பாருங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பகலில் பார்ப்பதென்றால் சன்னலுக்குத் துணி போட்டு மறையுங்கள், விளக்கை அணையுங்கள். சிறிய தொலைக்காட்சிப் பெட்டியாக இருந்தால் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒலி மெல்லியதாக இருக்கும் படங்களுக்குக் காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்ஃபோன் தேவைப்படும். மழை தகரக் கூரையில் கொட்டும் மாலையில் இப்படிப்பட்ட படத்தைத் தொடங்காதீர்கள். பாதிப் படம் காதுக்கு எட்டாது.

துணையுரையில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் கடினமாக இருந்தால் மலாய்த் துணையுரையைப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளுக்கு மலாய் விரைவாகவே படிக்க வரும். முதல் பத்து நிமிடத்தில் எழுத்தைத் துரத்திக்கொண்டிருப்பது போலத் தோன்றினால் நிறுத்திவிட்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, மீண்டும் தொடக்கத்திலிருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் முதல் 20 நிமிடத்தில் கதை பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தப் படங்களில் பல, ஊரையும் மனிதர்களையும் முதலில் பழக்கப்படுத்திவிட்டுத்தான் கதைக்குள் போகும்.

எதைக் கவனிப்பது

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். இங்கே சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

முதலாவதாக, ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 'கூழாங்கல்' படத்தில், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவரப் பள்ளியிலிருந்து மகனைப் பாதியில் இழுத்துக்கொண்டு போகிறான் ஒரு குடிகாரத் தந்தை; திரும்பி வரப் பேருந்துக்குப் பணமில்லாமல் இருவரும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். சில இடங்களில் இருவரும் வறண்ட நிலத்தில் இரண்டு புள்ளிகளாகத் தெரிகிறார்கள். சில இடங்களில் சிறுவனின் முகத்தைத் தவிர வேறெதுவும் திரையில் இல்லை. எப்போது தூரம், எப்போது நெருக்கம் என்று குறித்துக்கொண்டே வந்தால், தந்தையின் மூர்க்கத்தைப் படம் தனி மனிதக் குணமாக மட்டும் பார்க்கவில்லை என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது, காலம். ஒரு காட்சி நாம் எதிர்பார்த்த இடத்தில் முடியாமல் நீண்டால், "மெதுவான படம்" என்று ஒதுக்கிவிடாமல், அந்தக் கூடுதல் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதே படத்தின் இறுதியில், மண்ணைத் தோண்டிய பள்ளத்தில் ஊறும் நீரைப் பெண்கள் சிறிது சிறிதாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். அவசரமே இல்லாத அந்தக் காட்சி, பார்க்கிறவரையும் தண்ணீருக்காகக் காத்திருக்க வைக்கிறது. லயத்துக் குழாயடியில் விடியற்காலையில் குடம் வைத்துவிட்டு நின்றவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காட்சியின் நீளம் சரியா, மிகையா என்று தீர்ப்புச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

மூன்றாவது, ஒலி. நம் திரைப்பட இரசனையில் பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் பெரிய இடம் இருப்பதால், இசையில்லாத படம் முதலில் வெறுமையாகத் தோன்றும். வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. அதில் பின்னணி இசையே இல்லை. வேறு சாதிக்காரனைக் காதலிக்கும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் முறைமாமனும் உறவினர்களும் அவளை ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகும் ஒரே நாள் பயணம். ஆட்டோவின் இரைச்சலும் பலிகொடுக்கக் கட்டி எடுத்துப்போகும் சேவலின் குரலும், தொண்டை கட்டிப்போன மாமனின் கரகரப்பும் படத்தை நிரப்புகின்றன. இத்தனை ஒலிக்கும் நடுவே மீனா என்ற அந்தப் பெண் அநேகமாகப் பேசுவதே இல்லை. இசை இருந்திருந்தால் அவளுடைய மௌனத்தை இசையே விளக்கியிருக்கும். இப்போது அது விளக்கப்படாமல் நம் முன் இருக்கிறது.

ஒலியைக் கேட்கப் பழகியவருக்கு இன்னும் இரண்டு படங்கள். ஜோனதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023), நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் மதிலை ஒட்டிய வீட்டில், முகாம் அதிகாரியின் குடும்பம் தோட்டம் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்வதைக் காட்டுகிறது. முகாமுக்குள் நடக்கும் கொடுமை திரைக்கு வருவதே இல்லை. மதிலுக்கு அப்பாலிருந்து காதுக்கு மட்டும் வருகிறது. 2024இல் ஒலிக்கான ஆஸ்கார் விருதை இந்தப் படம் பெற்றதன் காரணம் முதல் கால்மணி நேரத்திலேயே புரியும். ஈரானின் ஜாஃபர் பனாஹி அரசின் அனுமதியில்லாமல் எடுத்து 2025இல் கான் விழாவின் முதன்மை விருதான தங்கப் பனையை வென்ற 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்' படத்திலோ, கதையே ஒரு சத்தத்தில்தான் தொடங்குகிறது. சிறையில் கண்கள் கட்டப்பட்டிருந்ததால் தன்னை வதைத்தவனின் முகத்தைப் பார்த்திராத ஒருவன், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு செயற்கைக் காலின் ஓசையைக் கேட்டு, இவன்தான் அவன் என்று நம்புகிறான். அந்த ஓசை சான்றாகுமா என்ற ஐயம் படம் முழுவதும் தொடர்கிறது. இந்த இரண்டையும் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் பயனில்லை.

நான்காவது, சொல்லாமல் விட்டது. 'கொட்டுக்காளி' முடிவை அறிவிக்காமல் நிற்கிறது. திரையரங்கில் பார்த்த பலர் இதற்காகக் கோபப்பட்டார்கள்; என் கருத்தில் அந்த முடிவே சரியானது. அந்தப் பெண்ணைப் பற்றிய முடிவுகளை ஆண்களே எடுத்துக்கொண்டுவரும் ஒரு நாளில், இறுதிக் கட்டத்தில் கேமரா மாமனின் கண்ணாகிவிடுகிறது. இனி என்ன செய்வது என்ற கேள்வி அவனோடு சேர்ந்து பார்க்கிறவர்மீதும் விழுகிறது. எனக்கு அந்தப் படத்தில் உள்ள குறை வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் குறுக்கே நிற்கும் காளையை ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அழைத்துப்போகும் காட்சி போன்ற சில நிறுத்தங்கள், நமக்கு ஒன்றைக் கற்பிப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டவையாகத் தெரிகின்றன. 'கூழாங்கல்' படத்தில் இப்படி எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை என்பதால், இரண்டில் அதையே உயர்ந்ததாக மதிக்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு மறுக்கலாம். காட்சியைச் சுட்டி மறுத்தால் போதும்.

வேலையைப் படம் எப்படிக் காட்டுகிறது

தோட்டப்புறத்திலிருந்து படம் பார்க்கிறவர் எந்த நாட்டுப் படத்திடமும் கேட்கக்கூடிய கேள்வி இது. விம் வெண்டர்ஸ் இயக்கிய 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) உலகமெங்கும் கொண்டாடப்பட்டது. தோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவும் ஹிராயாமா என்ற மனிதர் விடியலில் எழுவதும், வேலைக்குப் போவதும், மர நிழலைப் படமெடுப்பதும், இரவில் புத்தகம் படிப்பதும்தான் படம். அவராக நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படத்தில் வரும் கழிப்பறைகள் ஷிபுயா பகுதியில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. அவற்றைக் கழுவும் வேலையில் உண்மையான அழுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. ஹிராயாமா வசதியான குடும்பத்திலிருந்து விலகி வந்தவர் என்பதற்கும் படம் குறிப்புத் தருகிறது. அவர் இந்த வேலையைத் தேர்ந்துகொண்டவர். வேறு வழியில்லாமல் கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனவர்களுடைய காலை அவருடைய காலையைப் போல அமைதியாக இருக்காது. உடன் வேலை செய்கிறவன் திடீரென நின்றுவிட, இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்ய நேரும் நாளில், அவர் தொலைபேசியில் நிறுவனத்திடம் கோபப்படுகிறார். படத்தில் வேலை வேலையாகத் தெரியும் இடம் அதுதான். எனக்கு மிகவும் பிடித்த காட்சியும் அதுவே. அதை இன்னும் தொடர்ந்திருந்தால் படம் பெரிதாகியிருக்கும்.

இதற்குப் பக்கத்தில் பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமாஜின் அஸ் லைட்' (2024) படத்தை வைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வான இந்தியப் படம். அங்கே இரண்டாம் உயர்ந்த விருதான கிராண்ட் பிரீயைப் பெற்றது. மும்பை மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் இரண்டு மலையாளச் செவிலியரோடு, அதே மருத்துவமனையில் சமையல் வேலை செய்யும் பார்வதி என்ற விதவையும் இதில் இருக்கிறாள். அவள் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனம் வருகிறது. அங்கே வாழ்ந்ததற்கு அவளிடம் ஒரு தாள்கூட இல்லை. தோட்டம் மேம்பாட்டாளருக்கு விற்கப்பட்டபோது மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு என்ன பத்திரம் என்று கேட்கப்பட்டவர்களை நாம் அறிவோம். பார்வதியும் அவள் தோழியும் இரவில் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பலகைமீது கல்லெறிகிறார்கள். அதனால் ஒன்றும் மாறுவதில்லை. படமும் மாறியதாகப் பாவிக்கவில்லை. பிற்பகுதி கடலோர ஊருக்குப் போய்விடுவதால் வீட்டுப் பிரச்சினை கைவிடப்பட்டது என்று குறைகூறுவோர் உண்டு. அந்தப் பிரச்சினைக்கு அவளிடம் தீர்வு இல்லாதபோது படம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தால்தான் நான் ஏமாற்றமடைந்திருப்பேன்.

ஆவணம் என்ற இதே இழையில் நம் நாட்டுப் படம் ஒன்றும் இருக்கிறது. ஜின் ஓங்கின் 'அபாங் ஆடிக்' (2023), கோலாலம்பூர் பூடு வட்டாரத்தில் அடையாள அட்டை இல்லாமல் வாழும் இரண்டு சகோதரர்களைப் பற்றியது. வாய் பேச முடியாத அண்ணனாக நடித்த வூ காங்ரென், தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். பிற்பகுதியில் படம் கண்ணீரை வலிந்து கேட்கிறது என்பது என் குறை. ஆனால் காவலரைக் கண்டதும் நடையை மாற்றும் அந்த உடல்மொழியில் பொய்யே இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமலும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையோடும் காலம் கழித்த உறவினர் உள்ளவர்கள் இதை உடனே அறிந்துகொள்வார்கள்.

படம் முடிந்தவுடன்

யாரோடும் பேசுவதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் சில வரிகள் எழுதிவிடுங்கள். நினைவில் தங்கிய ஒரு காட்சியை, "அருமை", "யதார்த்தம்", "உருக்கம்" போன்ற சொற்கள் இல்லாமல், யார் எங்கே நின்றார், என்ன கேட்டது என்று அப்படியே வருணித்து எழுதுங்கள். கவனம் எந்த இடத்தில் சிதறியது என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். விடை கிடைக்காத கேள்வி ஒன்றிருந்தால் அதையும் சேர்க்கலாம். மறுநாள் காலை பசியாறும்போது அந்த வரிகளைப் படித்துப் பார்த்தால், இரவில் எழுந்த கோபமோ பரவசமோ எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

விமர்சகரை எப்படிப் படிப்பது

விமர்சனத்தை இப்போது படிக்கலாம். படிக்கும்போது பென்சிலால் மூன்று வகையாகக் கோடிடுங்கள்: திரையில் உள்ளதை விமர்சகர் சொல்லும் வரிகள், அதற்கு அவர் தரும் பொருள், அவருடைய தீர்ப்பு. முதல் வகையே இல்லாமல் மூன்றாவது வகை மட்டும் நிறைந்த கட்டுரையை நம்ப வேண்டியதில்லை, அதை எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். இந்தக் கட்டுரையில் நான் சொன்ன தீர்ப்புகளையும் அதே பென்சிலால் சோதியுங்கள். இன்னொன்று: விமர்சகர் எங்கிருந்து பார்க்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் எளிய வாழ்வின் இன்பத்தைக் கண்டு நெகிழ்ந்து எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எளிமை அவர்களுக்கு ஓய்வாகத் தெரிகிறது, நமக்குக் கூலியாகத் தெரிகிறது.

விருதுகளின் எடையும் தெரிந்திருக்க வேண்டும். கான் விழாவின் தங்கப் பனை, பொதுவாக ஒன்பது பேர் கொண்ட நடுவர் குழு ஓர் ஆண்டின் போட்டிப் படங்களுக்குள் எடுத்த முடிவு. விமர்சகர் வாரத்தில் இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்கள் மட்டுமே போட்டியிடும். ராட்டர்டாமின் புலி விருது வளரும் இயக்குநர்களுக்கானது. பெர்லினின் ஃபோரம் பிரிவு போட்டியே அல்ல; அங்கே தேர்வாவதுதான் மதிப்பு. சுவரொட்டியில் விழாவின் பெயரைச் சுற்றி இலை வளையம் அச்சிட்டிருந்தால், அது திரையிடலுக்கா, பரிசுக்கா, எந்தப் பிரிவில் என்று படித்துவிட்டு மதிப்பிடுங்கள்.

சேர்ந்து பார்ப்பது

முன்பு தகவல் இலாகாவின் நடமாடும் படக்குழுக்கள் தோட்டங்களுக்கு வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூடிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் பொதுமக்களை அழைத்து மண்டபத்தில் திரையிட விரும்பினால், சட்டத்தை முதலில் கவனியுங்கள். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி, தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படத்தைத் திரையிடுவது குற்றம். அதோடு, உரிமையாளரின் எழுத்துவழி அனுமதியும் வேண்டும். இணையத் தளச் சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. உள்நாட்டுச் சுயாதீன இயக்குநர்களின் படமாக இருந்தால், தயாரிப்புக் குழுவுக்கே மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். இயக்குநரே வந்து கலந்துரையாடவும் வாய்ப்புண்டு. இதற்கெல்லாம் இன்னும் துணிவில்லாதவர்கள், வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்களோடு தொடங்கலாம்.

கலந்துரையாடலில் நன்றாகப் பேசத் தெரிந்தவரை முதலில் பேச விடாதீர்கள். "படம் என்ன சொல்ல வருகிறது?" என்று கேட்டால் கூட்டம் வாயடைத்துப்போகும், "எந்த இடம் நினைவில் இருக்கிறது?" என்று கேட்டால் எல்லாரும் பேசுவார்கள். 'கொட்டுக்காளி' பார்த்துவிட்டு, மீனா ஏன் ஊமையைப் போல இருக்கிறாள் என்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்டபோது, ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அக்கா சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ள ஊமையில்ல. பேசிப் பேசி ஓஞ்சு போயிருக்கா." அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை.

எழுதிப் பார்ப்பது

ஐந்தாறு படங்கள் பார்த்த பின் ஒரு சிறு விமர்சனம் எழுதுங்கள். 400 சொற்கள் போதும். இயக்குநர், ஆண்டு, நாடு, பார்த்த பதிப்பு ஆகியவற்றை முதலில் தாருங்கள். கதைச் சுருக்கத்தை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். பிறகு குறிப்பேட்டிலிருந்து ஒரு காட்சியை எடுத்து விரிவாக வருணித்து, அதிலிருந்து தீர்ப்புக்குப் போங்கள். நம் வாழ்க்கையோடு ஒப்பிடும்போது, ஒப்புமை படத்தை விளக்குகிறதா, நம் கதையைச் சொல்ல ஒரு சாக்காகிவிடுகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். உள்நாட்டுப் படம் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் போடாதீர்கள். குறையைக் காட்சியோடு சுட்டி எழுதப்படும் விமர்சனத்தை அக்கறையுள்ள இயக்குநர் விரும்பியே படிப்பார்.

அதற்குப் பின் பழைய படங்களுக்குப் போகலாம். புதிய படம் ஒவ்வொன்றும் தனக்கு முன் வந்த ஒன்றுக்குக் கைகாட்டும். பனாஹியைப் பார்த்தவர், அவர் உதவி இயக்குநராக வேலை செய்த அப்பாஸ் கியாரோஸ்தமியைத் தேடட்டும். நண்பனின் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பக்கத்து ஊருக்கு ஓடும் சிறுவனைப் பற்றி கியாரோஸ்தமி 1987இல் எடுத்த 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' படத்தையும் 'கூழாங்கல்' படத்தையும் ஒரே வாரத்தில் பாருங்கள். பெரியவர்களின் உலகத்தில் ஒரு சிறுவன் நடக்கும் தூரத்தை இரண்டு இயக்குநர்களும் எப்படி அளக்கிறார்கள் என்பதை உங்கள் முதல் ஒப்பீட்டுக் கட்டுரைக்குப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.